மூன்று ரிப்போர்ட், மூன்று பதில்: குழந்தைக்கு வந்தது டைபாய்டுதானா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, எடை 16 கிலோ. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் டைபாய்டுக்காக எடுத்த விடால் ரத்த டெஸ்ட் நெகட்டிவ். வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்தார்கள். ஐந்தாம் நாளும் விடவில்லை. முன்பு எப்போதோ எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் சிரப் வீட்டில் மீதம் இருந்தது. அதை நான்கு வேளை கொடுத்தேன். ஏழாம் நாள் பிளட் கல்ச்சர் எடுத்தார்கள், 'வளர்ச்சி இல்லை' என்று வந்தது. பத்தாம் நாள் மறுபடி விடால்: ஓ 1:160, ஹெச் 1:160. டைபாய்டு என்று ஊசி ஆரம்பித்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் நின்றது. பதற்றத்தில் ஒன்பது வயது மகனுக்கும் டெஸ்ட் எடுத்துவிட்டோம். அவனுக்குக் காய்ச்சலே இல்லை, ஆனால் ஹெச் 1:160, ஓ 1:40 என்று இருக்கிறது. இரண்டு பேருக்கும் இரண்டு வருடம் முன்பு டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்கிறோம். எந்த லேப் தப்பு செய்தது? மகனுக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா, டாக்டர்?

பதில்: மகன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவனுக்கு மருந்து வேண்டாம். காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு விடால் எடுத்திருக்கவே வேண்டாம். அந்த எண் என்ன சொல்கிறது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

மகளுக்கு வந்தது டைபாய்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனால் அதை உறுதிசெய்யும் சந்தர்ப்பம் கைநழுவிவிட்டது. லேப் எதுவும் தப்பு செய்திருக்க வேண்டியதே இல்லை. காய்ச்சலின் எத்தனையாவது நாள் ரத்தம் எடுத்தார்கள், அதற்குள் எத்தனை வேளை ஆன்டிபயாடிக் போயிருந்தது, எத்தனை மில்லி ரத்தம் எடுத்தார்கள்: இந்த மூன்று எண்களும் தெரியாமல் டைபாய்டு ரிப்போர்ட்டைப் படிக்க முடியாது. ரிப்போர்ட் தாளிலோ இந்த மூன்றும் அச்சாகி வருவதில்லை. உங்கள் கடிதத்தில் முதல் இரண்டும் இருந்ததால்தான் என்னால் ஏதாவது சொல்ல முடிகிறது.

கல்ச்சரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெற்றோர் மிகவும் தவறாகப் புரிந்துகொள்வது அதைத்தான். ரத்தத்தை ஊட்டச்சத்து நிறைந்த திரவம் உள்ள பாட்டிலில் விட்டு, உடல் வெப்பத்தில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதே கல்ச்சர். டைபாய்டு கிருமி வளர்ந்தால் ஐயமே கிடையாது, அது டைபாய்டுதான். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி மசியும், எதற்கு மசியாது என்ற பட்டியலும் கூடவே வரும். மருந்துக்கு அடங்காத டைபாய்டு பெருகிவரும் இந்தக் காலத்தில் அந்தப் பட்டியல் பெரிய வரம். வளராவிட்டால்? அங்கேதான் சிக்கல்.

டைபாய்டு கிருமி ரத்தத்தில் கூட்டம் கூட்டமாக நீந்திக்கொண்டிருப்பதில்லை. நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு மில்லி ரத்தத்தில் உயிருள்ள கிருமி ஒன்றுகூடத் தேறாது. பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அதிலும் பெரும்பகுதி வெள்ளணுக்களுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். கிருமியின் முக்கிய இருப்பிடம் எலும்பு மஜ்ஜை, மண்ணீரல், கல்லீரல். ரத்தத்தில் கிடைப்பது அங்கிருந்து சிந்தியது மட்டுமே. அதனால்தான் உண்மையில் டைபாய்டு உள்ள நூறு பேருக்குக் கல்ச்சர் செய்தால் 40 முதல் 60 பேருக்கு மட்டுமே பாசிட்டிவ் வருகிறது. எலும்பு மஜ்ஜையில் எடுத்தால் 80 பேருக்கு மேல் அகப்படும், மருந்து சில நாள் போயிருந்தாலும்கூட. ஆனால் ஒரு குழந்தையின் இடுப்பெலும்பில் ஊசி போடுவதை, வாரக்கணக்கில் காரணம் புரியாத காய்ச்சலுக்கு மட்டுமே யோசிப்போம்.

இப்போது அந்த அறையை நினைத்துப் பாருங்கள். குழந்தை அலறுகிறது, அப்பா தோளை அழுத்திப் பிடித்திருக்கிறார், நரம்பு வழுக்குகிறது. நர்ஸ் எப்படியோ ஒரு மில்லி எடுக்கிறார். அதில் பாதி ரத்த அணு எண்ணிக்கைக்கு, மீதி பாட்டிலுக்கு. பாட்டிலில் விழுந்த அரை மில்லியில் ஒரு கிருமிகூட இல்லாமல் இருக்கலாம். கிருமி விழாத பாட்டிலை எவ்வளவு நவீன எந்திரத்தில் வைத்தாலும் எதுவும் முளைக்காது. "பிள்ளையிடம் அவ்வளவு ரத்தம் எடுக்கலாமா" என்று பெற்றோர் சங்கடப்படுவது எனக்கும் தெரியும். உங்கள் மகளின் உடலில் ஓடுவது சுமார் 1,200 மில்லி. கல்ச்சருக்கென்று நான்கைந்து மில்லி எடுப்பதால் அவளுக்கு ஒரு குறையும் வராது. சிறு குழந்தைகளுக்கு ஒரு மில்லியிலிருந்து மூன்று மில்லி வரை போதும் என்று தனிப் பாட்டில்களே இருக்கின்றன. பெரியவர்களுக்கான பாட்டிலில் அரை மில்லியை ஊற்றுவது வீண்.

மற்றொன்று அந்த நான்கு வேளை சிரப். ரத்தத்தில் அலையும் சொற்பக் கிருமிகளை வளரவிடாமல் செய்ய அதுவே போதும். பாட்டிலுக்குள் மருந்தை உறிஞ்சும் பிசின் மணிகள் வைத்த வகைகள் உண்டு, ஓரளவு உதவும், முழுக்க ஈடுகட்டாது. உங்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் ஒரு மருத்துவராகச் சொல்லாமலும் விட முடியாது: தண்ணீர் கலக்கிய ஆன்டிபயாடிக் சிரப் ஒன்றிரண்டு வாரத்தில் வீரியம் இழந்துவிடும். நோயைக் குணப்படுத்தும் அளவுக்கு மருந்து இருக்காது, டெஸ்டைக் கெடுக்கும் அளவுக்கு மட்டும் இருக்கும். மீதமானதைக் கொட்டிவிடுங்கள். பாராசிட்டமாலைப் பற்றிக் கவலை வேண்டாம், அது இந்த டெஸ்டுகளைப் பாதிக்காது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நாள் கணக்கும் எதிராகவே போயிருக்கிறது. கல்ச்சருக்கு உகந்தது முதல் வாரம். நாளாக ஆகக் கிருமி ரத்தத்தில் குறைந்துகொண்டே போகும். மூன்றாம் நாள் விடாலுக்குப் பதில் கல்ச்சரும், ஏழாம் நாள் கல்ச்சருக்குப் பதில் விடாலும் எடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

ரத்தம் எடுத்த பிறகும் தவறுக்கு இடம் உண்டு. தோலைச் சரியாகத் துடைத்துக் காயவிடாமல் குத்தினால் தோலில் வாழும் சாதாரணக் கிருமி பாட்டிலில் வளரும், அதற்கும் ஒரு 'பாசிட்டிவ்' வரும். பயிற்சி மருத்துவராக இருந்தபோது, இரவு எடுத்த பாட்டில் கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று அக்கறையோடு ஃபிரிட்ஜில் வைத்தவன் நான். காலையில் மைக்ரோபயாலஜி மேடம் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கல்ச்சர் பாட்டிலைக் குளிரில் வைக்கக் கூடாது, சீக்கிரம் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இனி விடால். ஃபெர்னான்ட் விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896-இல் கொண்டுவந்தது. மலிவு, சுலபம், கல்ச்சர் வசதி இல்லாத இடத்திலும் செய்யலாம் என்பதால் இத்தனை ஆண்டு கழித்தும் விடாமல் தொடர்கிறது. இது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடுகிறது. கண்ணாடித் தகட்டில் உங்கள் பிள்ளையின் சீரம் ஒரு சொட்டு, அதன் பக்கத்தில் செத்த டைபாய்டு கிருமிகள் உள்ள நிறத் திரவம் ஒரு சொட்டு. இரண்டையும் குச்சியால் கலக்கித் தகட்டை மெல்ல ஆட்டினால், எதிர்ப்பொருள் இருக்கும் சீரம் பால் திரிவதுபோல் சின்னச் சின்னத் துகள்களாகத் திரளும். எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் திரள்கிறது என்பதுதான் அந்த எண். 1:160 என்றால் 160 மடங்கு நீர்த்தும் திரண்டது என்று பொருள். சொட்டு காயத் தொடங்கியபின் பார்த்தால் திரளாததும் திரண்டதுபோல் தெரியும். குழாயில் வைத்துப் பல மணி நேரம் கழித்துப் படிக்கும் முறை இதைவிட நம்பகமானது. பல இடங்களில் நேரமில்லாமல் தகட்டு முறையோடு நின்றுவிடுகிறார்கள்.

எதிர்ப்பொருள் உருவாக உடலுக்கு நேரம் வேண்டும். கிருமியின் உடல் மேற்பரப்புக்கு எதிரான 'ஓ' வகை ஏறத்தாழ 6 முதல் 8 நாளில், அதன் வால் போன்ற இழைக்கு எதிரான 'ஹெச்' வகை 10 முதல் 12 நாளில் தென்படும். ஆகவே மூன்றாம் நாள் வந்த நெகட்டிவ் எதையும் சொல்லவில்லை. 'டைபாய்டு இல்லை' என்று அதை எடுத்துக்கொண்டதுதான் பிழை. சத்துக்குறைவான குழந்தைகளிடமும், ஸ்டீராய்டு எடுப்பவர்களிடமும், மருந்து சீக்கிரமே தொடங்கியவர்களிடமும் எதிர்ப்பொருள் கடைசிவரை உயராமலே போகலாம்.

பொய்யான பாசிட்டிவ்களும் ஏராளம். முன்பு எப்போதோ வந்துபோன டைபாய்டு, டைபாய்டு கிருமியின் பங்காளிகளான பிற சால்மோனெல்லாக்களால் வந்த வயிற்றுப்போக்கு, மலேரியா, டெங்கு என்று பலவும் இந்த எண்ணை ஏற்றிவிடும். டைபாய்டு அதிகமுள்ள பகுதிகளில் ஆரோக்கியமானவர்களிடமே 1:80 சாதாரணமாக இருக்கும். எந்த எண்ணுக்கு மேல் சந்தேகப்பட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். சின்னக் குழந்தைகளுக்குப் பழைய தொற்றுகள் குறைவு என்பதால், பெரியவருக்கு வரும் 1:160-ஐவிட உங்கள் மகளுக்கு வந்த 1:160-க்குச் சற்றுக் கூடுதல் மதிப்புத் தருவேன்.

அதைவிட முக்கியம், உங்களிடம் இரண்டு ரிப்போர்ட் இருக்கிறது. ஒரே எண்ணைவிட எண் ஏறுவதுதான் சாட்சி. ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் நான்கு மடங்கு உயர்ந்தால் கணக்கில் கொள்வோம், உதாரணமாக 1:40 இருந்தது 1:160 ஆவது. 1:80 போய் 1:160 ஆனால் அது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தே மாறக்கூடிய வித்தியாசம். மூன்றாம் நாள் இல்லாத எதிர்ப்பொருள் பத்தாம் நாள் வந்திருக்கிறது, காய்ச்சல் நாள்கணக்கில் விடாமல் நின்றிருக்கிறது, டைபாய்டுக்கான ஊசிக்கு ஐந்தாம் நாள் பணிந்திருக்கிறது. சரியான மருந்துக்கும் டைபாய்டு காய்ச்சல் இறங்க 4 முதல் 6 நாள் ஆகும், மறுநாளே விடாது. இவை எல்லாம் சேர்ந்துதான் என்னை டைபாய்டு பக்கம் சாய்க்கின்றன. ஒரே லேபில், ஒரே முறையில் இரண்டும் செய்திருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வேன்.

உடனடி முடிவு தரும் அட்டை டெஸ்டுகளும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகின்றன. விடாலைவிடக் கொஞ்சம் மேல், ஆனால் நாள் கணக்கின் பிரச்சினை அவற்றுக்கும் உண்டு. அதில் நீண்ட நாள் நிற்கும் எதிர்ப்பொருள் வகையான 'ஐஜிஜி' மட்டும் பாசிட்டிவ் என்றால் அது பழைய தொற்றின் சுவடாகவே இருக்கலாம்.

ரத்த அணு எண்ணிக்கை ரிப்போர்ட்டை நீங்கள் அனுப்பவில்லை. யாரும் பெரிதாக மதிக்காத தாள் அது. இவ்வளவு காய்ச்சலுக்கும் வெள்ளணு உயராமல் இருப்பதும், வெள்ளணுவில் ஒரு வகையான இயோசினோஃபில் பூஜ்யத்தில் நிற்பதும் டைபாய்டை நினைவூட்டும். கல்லீரல் என்சைம்கள் லேசாக ஏறியிருக்கும். ஆனால் சின்னக் குழந்தைகளிடம் வெள்ளணு ஏறியும் வரலாம், தட்டணு இறங்கி டெங்குபோல் ஏமாற்றவும் செய்யலாம். குறிப்பு என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம், நிரூபணமாக அல்ல.

தடுப்பூசியால் இந்த எண் வந்திருக்குமா? இப்போது குழந்தைகளுக்குப் போடும் ஊசி கிருமியின் 'விஐ' என்ற மேலுறைக்கு எதிரானது. விடால் தேடுவது ஓ-வையும் ஹெச்-ஐயும். ஆகவே உங்கள் மகளின் 1:160-ஐத் தடுப்பூசியின் தலையில் போட முடியாது. தடுப்பூசி போட்டதால் டைபாய்டு வரவே வராது என்றும் சொல்ல முடியாது. நேபாளம், வங்கதேசம், மலாவி நாடுகளில் நடந்த ஆய்வுகளில் குழந்தைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு சுமார் 80 சதவீதம். தம்பி நோயான பாராடைபாய்டை அது தடுக்காது.

இப்போது செய்ய வேண்டியது: காய்ச்சல் நின்றுவிட்டதே என்று ஊசியை நடுவில் நிறுத்தாதீர்கள், உங்கள் மருத்துவர் சொன்ன நாள் கணக்கை முடியுங்கள். 'குணமாகிவிட்டதா' என்று பார்க்க மறுபடி விடால் எடுக்காதீர்கள். அந்த எண் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், நீங்கள் தேவையில்லாமல் தூக்கம் இழப்பீர்கள். வயிறு உப்புதல், கடுமையான வயிற்றுவலி, மலத்தில் ரத்தம் அல்லது கறுத்த மலம், பிள்ளை மயங்கியதுபோல் கிடப்பது, நிற்காத வாந்தி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சிலருக்கு மருந்து முடிந்த சில வாரங்களில் டைபாய்டு திரும்பும். அப்படி வந்தால் ஒரு வேளை மருந்துகூடக் கொடுக்கும் முன், போதுமான ரத்தத்தோடு கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள்.

மகனின் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாதீர்கள். தேதி எழுதி, 'காய்ச்சல் இல்லாதபோது எடுத்தது' என்று மேலே குறித்து வையுங்கள். ஹெச் 1:160 அவனுடைய பழைய தொற்று எதனாலோ வந்ததாக இருக்கலாம். நாளை அவனுக்குக் காய்ச்சல் வந்து யாராவது விடால் எடுத்து, அதே 1:160-ஐக் காட்டி டைபாய்டு என்று சொன்னால், இந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள்.