சட்டாம்பிள்ளைகளின் சங்கம்

அன்புள்ள ஐயா,
இணையத்தில் நடக்கும் கேலி, மிரட்டல் பற்றி மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லித்தர எங்கள் பள்ளியில் ஒரு குழு அமைத்திருக்கிறோம். மதிப்பெண்ணிலும் ஒழுக்கத்திலும் சிறந்தவர்களை வகுப்புக்கு இருவராக எடுத்தோம். முதல் கூட்டத்தில் என்ன காணொளி போடலாம்? போஸ்டர் போட்டி வைக்கலாமா?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

காணொளி எதுவானாலும் சரி, சுருக்கமாக இருக்கட்டும். போஸ்டர் போட்டியால் கெடுதல் இல்லை. ஆனால் ‘மதிப்பெண்ணிலும் ஒழுக்கத்திலும் சிறந்தவர்கள்’ என்கிறீர்களே! நீங்கள் கூட்டியிருப்பது சட்டாம்பிள்ளைகளின் சங்கம். அவர்களைக் கண்டதும் வகுப்பின் வாட்ஸப் குழு ஊமையாகிவிடும்; கேலிப்படங்கள் அவர்கள் இல்லாத வேறொரு குழுவுக்குக் குடிபோகும்.

கொஞ்ச நாளாகவே என் மண்டைக்குள் ஓடுவது இதுதான். அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லெவி பாலக்கும் இரு சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் நியூஜெர்சியின் 56 நடுநிலைப் பள்ளிகள் இருந்தன. ‘சமீபத்தில் யாரோடெல்லாம் விரும்பிப் பொழுதைக் கழித்தாய்?’ என்று கேட்டு ஒவ்வொரு மாணவரிடமும் பத்துப் பெயர் வரை வாங்கினார்கள். பாதிப் பள்ளிகளில் 20 முதல் 32 பேர் வரை குலுக்கல் முறையில் எடுத்து, மோதலுக்கு எதிராக வெளிப்படையாக நிற்கப் பயிற்சி தந்தார்கள். அங்கே மாணவர் மோதல் குறித்த புகார்கள் சுமார் 25 சதவீதம் குறைந்தன. நிறையப் பேர் பெயர் எழுதிய பிள்ளைகள் குழுவில் அதிகம் இருந்த பள்ளிகளில் பலனும் அதிகம். இணையத்துக்கென்று மட்டும் செய்த ஆய்வல்ல. ஆனாலும் ஆள் எடுக்கும் வழி அதில் இருக்கிறது.

நீங்களும் துண்டுச்சீட்டு கொடுத்துக் கேளுங்கள். அதிகம் வந்த பெயர்களை எல்லாம் ஒரே கூட்டாளிக் கும்பலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கடைசி பெஞ்சும் வரட்டும். கேலி செய்கிறவனே பட்டியலில் வருவானே என்று பதறுவீர்கள். வரட்டும், அவன் சொன்னால்தான் நாலு பேர் கேட்பார்கள். அவன்மேல் புகார் விசாரணையில் இருந்தால் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். எண்ணி முடித்ததும் சீட்டுகளைக் கிழித்துப் போடுங்கள். யாருக்கு எத்தனை என்பது கசிந்தால், ஒருவரும் பெயர் எழுதாத பிள்ளைதான் அடுத்த கேலிப்பொருள்.

பயிற்சி பெரிய வித்தை இல்லை. வாட்ஸப் குழுவில் ஏறி வாதாடக் கூடாது. பதில் விழ விழப் பேச்சு வளர்ந்துகொண்டே போகும். காயப்பட்டவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினால் போதும். கணக்குப் பெயர், தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யச் சொல்ல வேண்டும். முந்திக்கொண்டால் சாட்சியம் கைநழுவலாம். நிர்வாணப் படமென்றால் சேமிக்கவோ அனுப்பவோ கூடாது. அதையும், கொலைமிரட்டல், சாகப்போகிறேன் என்ற பேச்சு ஆகியவற்றையும் அப்போதே பெரியவர் ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் தலையில் விசாரணையைக் கட்டாதீர்கள், அவர்களும் பிள்ளைகள்தானே அம்மா.

அந்தப் பெரியவர் யார் என்று உங்கள் கடிதத்தில் காணோம். முதல் கூட்டத்திலேயே பெயரைச் சொல்லிவிடுங்கள். அவர் விடுப்பில் போனால் யாரிடம் போவது என்பதையும்.