கமடோரா, ஸ்பெக்ட்ரமா, பிபிசியா? பழைய 8-பிட் கணினி வாங்குமுன்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. கணினி உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று அவள் கையாலேயே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள, 1980களின் வீட்டுக் கணினி ஒன்று வாங்கித் தர நினைக்கிறேன். கமடோர் 64, சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 48கே, பிபிசி மைக்ரோ மாடல் பி ஆகிய மூன்றும் இங்கே பழைய பொருள் விற்பவர்களிடம் கிடைக்கின்றன. நினைவகம் முறையே 64, 48, 32 கேபி. வேகம் 1, 3.5, 2 மெகாஹெர்ட்ஸ். எந்த எண்ணை நம்புவது? டிஸ்க் டிரைவும் சேர்த்து வாங்க வேண்டுமா?
வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: உங்கள் நோக்கம் கற்பதுதான் என்றால் பிபிசி மைக்ரோவை வாங்குங்கள். அவளுக்கு விளையாட்டிலும் இசையிலும்தான் நாட்டம் என்றால் கமடோர். ஸ்பெக்ட்ரம் இந்த மூன்றில் எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆனாலும் உங்கள் கேள்விக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நினைவக எண்கள். மூன்றும் விளம்பரத்துக்காக அச்சிடப்பட்டவை. கமடோரை இயக்கியதும் திரையில் 38,911 பைட்டுகள் காலி என்று அதுவே சொல்லிவிடும். 64 கேபியில், இந்தக் கணினிகளோடு வரும் எளிய நிரல்மொழியான பேசிக்குக்குக் கிடைப்பது அவ்வளவுதான். மீதி நினைவகம், சிப்புக்கு நேரடியாகப் புரியும் இயந்திர மொழியில் எழுதுபவர்களுக்கே முழுமையாகப் பயன்படும். ஸ்பெக்ட்ரமில் திரைக்கான 6,912 பைட்டுகளும் இதரச் செலவுகளும் போக, சுமார் 41,000 பைட் மிஞ்சும். அதாவது பேசிக்கில் எழுதும் உங்கள் மகளுக்கு 48கே இயந்திரம் 64கே இயந்திரத்தைவிடக் கொஞ்சம் தாராளம்! பிபிசியின் கதை வேறு. அதில் திரை முறையைப் பொறுத்து இடம் மாறும். எழுத்துகள் மட்டும் காட்டும் மோட் 7இல் 28,160 பைட் கிடைக்கும். வண்ணங்கள் நிறைந்த மோட் 2க்கு மாறினால் திரையே 20 கேபியை விழுங்கிவிட, மிஞ்சுவது 8,704 பைட். டிஸ்க் வசதி பொருத்தியிருந்தால் அதிலும் குறையும். பிபிசியின் உண்மையான பலவீனம் இதுதான்.

வேகக் கணக்கு இன்னும் ஏமாற்றும். மெகாஹெர்ட்ஸ் என்பது ஒருவர் ஒரு வினாடியில் எத்தனை அடி எடுத்து வைக்கிறார் என்பது போல. அடியின் நீளம் தெரியாமல் தூரம் தெரியாது. நினைவகத்தில் இருந்து ஒரு பைட்டை எடுத்துவர, ஸ்பெக்ட்ரமில் உள்ள இசட்80 சிப்புக்கு 13 கடிகாரத் துடிப்புகள் தேவை. கமடோரின் 6510, பிபிசியின் 6502 ஆகிய இரண்டுக்கும் 4 போதும். கணக்குப் போட்டால் ஸ்பெக்ட்ரமில் சுமார் 3.7 மைக்ரோ வினாடி, கமடோரில் 4, பிபிசியில் 2. இசட்80க்கு உள் பதிவேடுகள் (சிப்புக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடங்கள்) அதிகம் என்பதால் சில வேலைகளில் அது முந்தும். இருந்தாலும் 3.5 என்ற எண்ணைப் பார்த்து மூன்றரை மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொன்றும் உண்டு. படம் வரையும் சிப் நினைவகத்தைப் படிக்கும்போது கமடோரிலும் ஸ்பெக்ட்ரமிலும் செயலி அவ்வப்போது காத்திருக்க வேண்டும். பிபிசி மைக்ரோவைத் தயாரித்த ஏகார்ன் நிறுவனத்தினர் அதில் இரு மடங்கு வேகமான நினைவகச் சிப்புகளைப் போட்டு, செயலியும் திரையும் மாறி மாறிப் படிக்கும்படி செய்தார்கள். அதனால் காத்திருப்பே இல்லை. அதன் விலை அதிகமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விலையை வைத்துப் பார்த்தால்தான் இந்த மூன்றின் குணமும் பிடிபடும். 1981 டிசம்பரில் பிபிசி மாடல் பி 335 பவுண்டுக்கு அறிவிக்கப்பட்டு, சீக்கிரமே 399 பவுண்டுக்கு ஏறியது. 1982 ஏப்ரலில் வந்த ஸ்பெக்ட்ரம் 48கே 175 பவுண்டு. கிளைவ் சின்க்ளேருக்கு விலைதான் முதல் விதி. அதற்காக விசைப்பலகை ரப்பரானது. ஒலிக்கு ஒரு சிறு பீப்பர் மட்டும். நிறத்திலும் சிக்கனம்: 8 புள்ளிக்கு 8 புள்ளி என்ற கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே நிறங்கள். ஒரு பாத்திரம் இன்னொன்றைக் கடந்து போனால் ஒன்றின் நிறம் மற்றதில் அப்பிக்கொள்ளும். பலரும் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஒட்டுமொத்தத் திரையும் 7 கேபிக்குள் அடங்கியது இந்தத் தந்திரத்தால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கமடோர் வேறு வழியில் மலிவானது. சிப் தயாரிக்கும் மாஸ் டெக்னாலஜியை 1976இலேயே விலைக்கு வாங்கிவிட்டதால், தனக்கு வேண்டிய சிப்புகளைத் தானே செய்துகொண்டது. 1982இல் அமெரிக்காவில் 595 டாலருக்கு வந்த இயந்திரத்தை அடுத்த ஆண்டே சுமார் 200 டாலருக்கு இறக்க கமடோர் நிறுவனர் ஜாக் டிரமியலால் முடிந்தது அதனால்தான். அந்த விலைப்போரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வீட்டுக் கணினிச் சந்தையை விட்டே வெளியேறியது. பாப் யான்ஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச் சிப்பில் மூன்று குரல்களும் ஒரு ஃபில்டரும் உண்டு. இன்றும் இசைக்கலைஞர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். திரையில் தனித்தனியாக நகர்த்தக்கூடிய எட்டு ஸ்பிரைட் உருவங்களும், வன்பொருளே செய்யும் ஸ்க்ரோலும் இருப்பதால், விளையாட்டில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

இவ்வளவு நல்ல வன்பொருளுக்கு இவ்வளவு மோசமான பேசிக்கா என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. கமடோரின் பேசிக்கில் கோடு வரையக் கட்டளை இல்லை. ஒலிக்குக் கட்டளை இல்லை. திரையின் ஓரத்தைக் கறுப்பாக்க வேண்டுமானால் 'போக் 53280, 0' என்று நினைவக முகவரியின் எண்ணையே எழுத வேண்டும். ஸ்பெக்ட்ரமில் அதே வேலைக்கு 'பார்டர் 0' போதும். வட்டம் வேண்டுமா, 'சர்க்கிள்' இருக்கிறது. ஸ்பெக்ட்ரமுக்கு இன்னொரு நல்ல பழக்கம்: வரியில் பிழை இருந்தால் எண்டர் தட்டியவுடனேயே ஏற்க மறுத்துவிடும். கமடோர் எதையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஓட்டும்போதுதான் முறையிடும். ஆனால் ஸ்பெக்ட்ரமில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்ட முடியாது; பல கட்டளைகளுக்கு ஒரே விசை. 'பி'யை அழுத்தினால் 'பிரிண்ட்' என்ற முழுச்சொல்லும் வந்து விழும். சில கட்டளைகளுக்கு இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். சாதாரண விசைப்பலகையில் பழகிய இன்றைய குழந்தைக்கு அந்த ரப்பர் விசைகளோடு இதுவும் சேர்ந்தால் பாடத்தைவிட விசை தேடுவதே பெரும்பாடாகிவிடும். ஸ்பெக்ட்ரமை நான் தள்ளிவைத்தது இதற்காகத்தான்.

பிபிசி பேசிக்கை எழுதியவர் சோஃபி வில்சன். பெயரிட்ட செயல்முறைகள், 'ரிபீட்–அன்டில்' சுழற்சி என்று ஒழுங்காக எழுதப் பழக்கும் மொழி அது. எல்லாவற்றையும்விட முக்கியம், பேசிக் நிரலுக்கு நடுவிலேயே சதுர அடைப்புக்குறி போட்டு 6502 அசெம்பிளி (இயந்திர மொழியைச் சுருக்கச் சொற்களில் எழுதும் முறை) எழுதலாம். இன்று பேசிக்கில் எழுதிய சுழற்சியை அடுத்த வாரம் அசெம்பிளியில் எழுதி, இரண்டையும் ஓட்டி வேகத்தை ஒப்பிடலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல வழி இந்த மூன்றிலும் இல்லை. பின்புறமும் அடிப்புறமும் இணைப்புகள் ஏராளம். வெளிச் சுற்றுகளை இணைப்பதற்கான யூசர் போர்ட்டில் விளக்கு எரிய வைப்பதில் தொடங்கலாம். பிபிசி தொலைக்காட்சியின் கணினிக் கல்வித் திட்டத்துக்கென்றே உருவான இயந்திரம் இது. இந்திய அரசு 1984இல் பள்ளிகளில் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்துக்கும் இதுவே தேர்வானது.

இனி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. இங்கே அவசரப்படாதீர்கள்.

பிபிசியின் பவர் சப்ளைக்குள் வீட்டு மின்சாரத்தில் நேராக இணைந்த வடிகட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. வயதானதும் அவற்றின் மேலுறை வெடித்து ஈரம் புகும். இயக்கிய சிறிது நேரத்தில் நாற்றத்தோடு புகையைக் கக்கும். மாற்றியாயிற்றா என்று விற்பவரிடம் கேளுங்கள். மாற்றவில்லை என்றால் அறிந்தவரிடம் கொடுத்து மாற்றிய பிறகே பிளக்கில் செருகுங்கள். நீங்களே திறக்க வேண்டாம், உள்ளே வீட்டு மின்சாரம் நேராக வருகிறது.

கமடோரின் பழைய பவர் சப்ளை இன்னும் பொல்லாதது. உள்ளே ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் மேலே ஏறி நினைவகச் சிப்புகளைச் சாகடிக்கும். பெட்டிக்குள் பசை ஊற்றி இறுக்கியிருப்பதால் பழுது பார்ப்பதும் சிரமம். 'நன்றாகத்தான் ஓடுகிறது' என்று விற்பவர் சொன்னாலும் புதிதாகச் செய்த ஒன்றை வாங்கிவிடுங்கள். ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் போதும், ஆனால் பிளக்கின் நடுமுனை எதிர்மின். பொதுவான அடாப்டரைச் செருகினால் வம்பு. அதன் விசைப்பலகையின் மெல்லிய பட்டை வருடங்களில் முறுகிப்போய், பெட்டியைத் திறக்கும்போதே கிழியும். புதியது எளிதில் கிடைக்கும்.

உங்கள் தொலைக்காட்சியையும் ஒருமுறை பின்னால் எட்டிப் பாருங்கள். பிபிசியில் வண்ணத்துக்கு நல்லது ஆர்ஜிபி இணைப்பு. ஸ்கார்ட் துளை இருந்தால் ஒரு கேபிள் போதும், இல்லையென்றால் கன்வெர்ட்டர் ஒன்றுக்குச் செலவாகும். அதன் காம்போசிட் இணைப்பு இயல்பாகக் கறுப்பு வெள்ளைதான்.

பணம் கொடுக்கும் முன் ஓரிரு வாரம் எமுலேட்டரில் (பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஓட்டிப் பார்க்கலாம். ஸ்பெக்ட்ரமுக்கு ஃபியூஸ், கமடோருக்கு வைஸ், பிபிசிக்கு பீப்எம் ஆகியவை இலவசம். கடையில் கிடைக்கும் புதிய 'தி சி64', 'தி ஸ்பெக்ட்ரம்' இரண்டும் உள்ளே எமுலேட்டர்கள்தான், எச்டிஎம்ஐ வசதியோடு வருகின்றன. அவை ஓடுவது, இன்றைய கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் வகைச் செயலியில். ஆர்மை வடிவமைத்தவர்கள் பிபிசி மைக்ரோவில் வேலை செய்த அதே சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்! அந்தக் காலச் சண்டையில் கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று இதிலிருந்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டிஸ்க் டிரைவ் வேண்டாம். கமடோரின் 1541 டிரைவ் வினாடிக்குச் சுமார் 400 பைட்தான் படிக்கும். நினைவகம் நிறைய ஒரு நிரலை ஏற்ற ஒன்றரை நிமிடத்துக்கு மேல். சிறு நாடாவில் சேமிக்கும் சின்க்ளேரின் மைக்ரோடிரைவை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், சேமிப்பதற்கு நம்ப முடியாது. மூன்றுக்குமே இப்போது எஸ்டி கார்டு இணைப்புகள் கிடைக்கின்றன. ஸ்பெக்ட்ரமுக்கு டிவ்எம்எம்சி, கமடோருக்கு எஸ்டி2ஐஇசி. பிபிசிக்கு யூசர் போர்ட்டில் செருகும் சிறு பலகை இருக்கிறது, ஆனால் அதற்குரிய ரோம் சிப்பை உள்ளே பொருத்த வேண்டும். அந்தச் சிப்பைப் பொருத்தியே விற்பவர்களும் இருக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.