கையிருப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். போன மே மாதம் நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து ஊட்டிக்குப் போனோம். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள், இருபது வருடப் பழக்கம். இ-பாஸ் தொல்லை, வழியெல்லாம் வண்டி நெரிசல், சோதனைச்சாவடியில் தண்ணீர் பாட்டிலைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள், மேலே போனால் பார்க்க ஒன்றுமே இல்லை. அதெல்லாம் போகட்டும். கடைசி நாள் ராத்திரி ஒரு நண்பர் செல்போனில் கணக்கு ஆப்பைத் திறந்தார். மூன்று நாளில் யார் எதற்குக் காசு கொடுத்தோம் என்று டீ வரைக்கும் ஏற்றி வைத்திருந்தார். என் மனைவி சாப்பிடாத இரண்டு முட்டை தோசை எங்கள் பங்கில் இருந்தது. அவள் அதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். நண்பரின் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். நண்பர் எனக்குத் தரவேண்டியது 4,212.67 என்றது ஆப். மறுநாள் இறங்கும்போது, கல்லாறு வருவதற்குள், 4,212 ரூபாயை ஜிபேயில் போட்டுவிட்டார். முன் சீட்டில்தான் இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. அதோடு பேச்சு நின்றுவிட்டது.

பணம் எங்களுக்குப் பொருட்டே அல்ல. நண்பர்களுக்குள் கணக்குப் பார்க்கலாமா என்பதுதான் என் கேள்வி. நானாக முதலில் பேசலாமா? அடுத்த வருடம் ஏற்காடு போகலாமா, வால்பாறையா என்றும் சொன்னால் நல்லது.

செ.

*

அன்புள்ள செ.,

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இ-பாஸ் 2024 மே 7 முதல் இருக்கிறது, உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது. நீங்களும் நானும் நம் சொந்தபந்தமும் ஒரே வாரத்தில் மலையேறுவதால் வந்த வினை அது. நெரிசல் என்கிறீர்கள், அதில் ஒரு வண்டி உங்களுடையது. நீலகிரிக்குப் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்று மேட்டுப்பாளையத்தில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். வீட்டில் ஒரு தூக்குப்போசியா இல்லாமல் போய்விட்டது? ஊட்டியில் பார்க்க ஒன்றுமில்லை என்பதற்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

அப்புறம், 'பணம் பொருட்டே அல்ல.' கொங்கு நாட்டில் ஒருவர் இதைச் சொன்னால் நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்வேன், பணத்தைப் பற்றிய பேச்சு தொடங்கப்போகிறது என்று அர்த்தம். காசு 67 வரைக்கும் நினைவு வைத்து எழுதியிருக்கிறீர்கள், தம்பி. முட்டை தோசையை வீட்டம்மாதான் சொல்லிவிட்டார் என்று அவர் தலையில் வேறு கட்டுகிறீர்கள். அந்த வரி வந்தபோது உங்கள் கண்ணும் அங்கேதான் நின்றிருக்கும். அவர் வாய்விட்டுச் சொன்னார், நீங்கள் மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுகிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் கடிதத்தைத் தள்ளிவைக்க முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. போன முகூர்த்தத்தில் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். மொய் மேசையில் க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தார்கள். நான் தப்பு சொல்லவில்லை, நானும் ஸ்கேன் செய்துதான் போட்டேன். ஆனால் 501 என்று அடிக்கும்போது பக்கத்தில் நின்ற பையன், "ரவுண்டா ஐநூறு போடுங்க மாமா" என்றான். அந்த ஒரு ரூபாய் எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்குப் பார்ப்பதைக் கேவலமாக நினைக்கிறவன் நம் பக்கத்தில் பிழைத்ததில்லை. மொய் நோட்டு என்பது என்ன? நூறு வீட்டு உறவின் வரவு செலவு. யார் வந்தார், யார் வரவில்லை, எவ்வளவு வைத்தார் என்று பேரும் ஊரும் போட்டு எழுதிவைக்கிறோம், பரணில் பத்திரமாக வைக்கிறோம், அவர்கள் வீட்டுப் பத்திரிகை வந்ததும் இறக்கிப் பார்க்கிறோம். ஆனால் பழைய மொய்யை அப்படியே திருப்பி வைப்பதில்லை. 501 வந்திருந்தால் 1001 வைப்போம். இப்போது அவர்கள் நமக்குக் கடன். அடுத்த விசேஷத்தில் அவர்கள் கூட்டி வைப்பார்கள், நாம் கடன். அதே 501ஐத் திருப்பி வைத்துவிட்டு வந்தால் எங்கள் ஆத்தா ஒரே சொல்லில் முடித்துவிடும்: "அத்துப்போச்சு." தமிழில் 'கணக்கைத் தீர்த்துக்கொண்டான்' என்றால் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். 'அவன் கணக்கை முடித்துவிட்டார்கள்' என்றால் அதைவிட மோசம்.

உங்கள் நண்பர் டீ வரைக்கும் எழுதியதில் எனக்கு வருத்தமே இல்லை. கல்லாற்றுக்குள் தீர்த்தாரே, அதுதான்.

எங்கள் அப்பாவுக்கு வெள்ளகோவிலில் தேங்காய்க் களம். 1987 கோடை விடுமுறையில் நான்கு குடும்பம் ஊட்டிக்குப் போனோம். அப்பா, ஒரு வாத்தியார், சைக்கிள் கடை மாமா, கண்டக்டர் மாமா. குழந்தைகள் ஒன்பது. கிளம்பும்போது குடும்பத்துக்கு 300 ரூபாய், மொத்தம் 1,200, ஒரு மஞ்சப்பையில் போட்டு வாத்தியார் கையில் கொடுத்தார்கள். மேட்டுப்பாளையம் தாண்டினால் எவன் கையும் சொந்தச் சட்டைப்பைக்குள் போகக்கூடாது. வாங்கினால் ஒன்பது குழந்தைக்கும், இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை. வாத்தியார் சொல்வதுதான் தீர்ப்பு.

காலையில் மலை ரயில். கல்லாற்றில் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்குகிறது, எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. அது எனக்குப் பிடிபடவே இல்லை. முன்னால் யாரும் இழுக்காமல் எப்படி மேலே போகிறோம் என்று கேட்டுக் கேட்டு எல்லார் உயிரையும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பாதையில் 16 குகை. நான் விரல்விட்டு எண்ணியதில் 17 வந்தது. வாத்தியார் திரும்ப எண்ணச் சொன்னார். கண்டக்டர் மாமா, "உடுங்க, ஒண்ணு மிச்சமா இருக்கட்டும்" என்றார். குன்னூர் தாண்டியதும் பொட்டணத்தைப் பிரித்தார்கள். அந்தக் குளிரில் கட்டுச்சோற்றின் புளி வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

ஏரிக்கரையில் குதிரை. நான் கேட்டேன். வாத்தியார் ஒன்பதால் பெருக்கிப் பார்த்தார், முடியாது என்றுவிட்டார். நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். யாரும் எனக்குத் தெரியாமல் காசு எடுத்துத் தரவில்லை. கண்டக்டர் மாமாதான் என்னைத் தோளில் தூக்கிவைத்து, விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினார். அப்புறம் மீதி எட்டையும் தூக்க வேண்டியதாகிவிட்டது, விதி விதிதானே. ராத்திரி அவருக்கு முதுகில் தைலம் தேய்த்தார்கள்.

திரும்பி வந்து வாத்தியார் கணக்கு ஒப்பித்தார். மீதி 17 ரூபாய் 50 காசு. நான்காகப் பிரிக்கலாம்தான். பிரிக்கவில்லை. அப்பா கையில் கொடுத்தார்கள். அப்பா களத்து நோட்டில், கொப்பரை விலைக்குக் கீழே, 'ஊட்டி கையிருப்பு 17.50' என்று எழுதிவைத்தார். வருசா வருசம் புது நோட்டுப் போடும்போது முதல் பக்கத்தில் அந்த வரி ஏறிவிடும். நான்கு பேரும் எங்கே கூடினாலும், "அந்தப் பதினேழரை சும்மா கிடக்குதே, செலவு பண்ண வேண்டாமா?" என்று ஆரம்பிப்பார்கள். அதைச் செலவு செய்யத்தான் 1990இல் ஏற்காடு போனோம், 20 கொண்டை ஊசி வளைவு. அங்கே 9 ரூபாய் மிஞ்சியது. அதைச் செலவு செய்ய வால்பாறை, 40 வளைவு, பெண்பிள்ளைகள் பாதிப்பேர் வாந்தி. அங்கே 31 ரூபாய் மிஞ்சியது. (இரண்டில் எது என்று கேட்டிருந்தீர்கள். எது வேண்டுமானாலும் போங்கள்.)

அதன்பின் எங்கும் போகவில்லை. வாத்தியார் போய்விட்டார், சைக்கிள் கடை மாமாவும் போய்விட்டார். 2011இல் அப்பா. காரியம் முடிந்த அன்று கண்டக்டர் மாமா திண்ணையில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். துக்கம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "கண்ணு, கையிருப்பு முப்பத்தொண்ணு இருக்கோணும். நோட்டைப் பாத்தியா?" என்றார். பார்த்தேன். இருந்தது. புது நோட்டில் என் கையெழுத்தில் அந்த வரியை எழுதச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

உங்கள் கேள்வியை மறந்துவிடவில்லை. ஆப் சொன்னது 4,212.67. நண்பர் போட்டது 4,212. மனிதர் உங்களுக்கு 67 காசு பாக்கி வைத்திருக்கிறார். போனில் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.