வாகனம்: வாசகர் கேள்வி – பதில்
சூடேறினால் வழுக்கும் கியர்பொக்ஸ்

கேள்வி: ஒட்டோ கியர் உள்ள டீசல் டபுள் கெப் ஒன்றை வைத்திருக்கிறேன். நிலாவெளியில் படகுகளைக் கரையேற்றவும், மீன் பெட்டிகளைத் தம்புள்ளைக்கு ஏற்றிச் செல்லவும் அதைப் பயன்படுத்துகிறேன். காலையில் நன்றாக இழுக்கிறது. கந்தளாயைத் தாண்டியதும் எஞ்சின் இரைச்சல்தான் கூடுகிறது, வேகம் கூடுவதில்லை. கியர்பொக்ஸை இறக்கி முழுவதும் புதுப்பிக்க வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?
(உப்புவெளி வாசகர்)

பதில்: குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஓடி, சூடேறிய பின்னர் மட்டும் வழுக்குகிறது என்பதே தாங்கள் தந்துள்ள மிகப் பெறுமதியான தகவல். ஒட்டோ கியர்பொக்ஸுக்குள் கிளச் தட்டுகளை நெருக்கிப் பிடிப்பது ஒயிலின் அமுக்கம். சூட்டில் ஒயில் நீர்த்துப்போக, வயதாகி இறுகிய ரப்பர் சீல்களின் ஓரமாக அது கசிந்து அமுக்கம் குறைகிறது; பிடி தளர்ந்த தட்டுகள் உராய்ந்து மேலும் சூட்டை உண்டாக்குகின்றன. ஒயில் அளவு குறைந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும் என்பதால், கியர்பொக்ஸை இறக்கச் சம்மதிப்பதற்கு முன்னர் ஒயிலைப் பார்த்துவிடுங்கள்.

ஒயில் அளவுகோல் உள்ள பெரும்பாலான கெப் வாகனங்களில், ஓடிச் சூடேறிய வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை எல்லா நிலைகளுக்கும் மெதுவாக நகர்த்தி, ‘பார்க்’ (P) நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஒயிலைப் பார்ப்பதுபோல அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு பிழையாகவே தெரியும். அளவுகோலே இல்லாத மாதிரிகளில், குறித்த வெப்பநிலையில் அடிப்பக்க மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருப்பதால் அதைக் கராஜில் விடுவதே நல்லது. அளவுக்கு மிஞ்சி ஊற்றுவதும் கூடாது. ஒயில் நுரைத்து, அதனாலும் வழுக்கும்.

ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பாக இருந்தால் நம்பிக்கை உண்டு. கறுத்துக் கருகல் மணம் வீசினால் கிளச் தட்டுகள் எரியத் தொடங்கிவிட்டன. பால் கலந்தது போன்ற இளஞ்சிவப்பாக இருந்தால், ரேடியேற்றருக்குள் இருக்கும், கியர்பொக்ஸ் ஒயிலை ஆற்றும் கூலர் வழியாகத் தண்ணீர் கலந்துவிட்டது. அப்படியானால் வண்டியை மேலும் ஓட்டக் கூடாது. கடற்கரை மணலில் படகு இழுக்கும் வண்டி என்பதால், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் கூலர் குழாய்களையும் சேற்றால் அடைபட்ட கூலர் இடுக்குகளையும் நான் முதலிலேயே சந்தேகிப்பேன்.

ஒயில் அளவும் நிறமும் சரியென்றால், வண்டியின் கணினி பதிந்துவைத்த பிழைக் குறியீடுகளை வாசிக்கும் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பி0730 என்ற குறியீடு, கியர் விகிதம் கணக்குப்படி அமையவில்லை என்பதையும், பி0741, எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேட்டரின் பூட்டு கிளச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதையும் காட்டும். அடுத்து, அமுக்கமானி பொருத்திச் சூடான நிலையில் ஒயில் அமுக்கத்தை அளக்க வேண்டும். எல்லா நிலைகளிலும் அமுக்கம் குறைவென்றால் வடிகட்டி, பம்ப், அமுக்கத்தைச் சீராக்கும் வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றில் வடிகட்டியையும் வால்வையும் பொதுவாகக் கியர்பொக்ஸை இறக்காமலே அணுகலாம். அமுக்கம் சரியாக இருந்தும் குறித்த ஒரு கியரில் மட்டும் வழுக்குமானால், அந்தக் கியரின் தட்டுகள் தேய்ந்திருக்கக்கூடும். அப்போது இறக்கத்தான் வேண்டும். இந்த அளவீடுகள் எதுவுமின்றி 'முழுவதும் புதுப்பிக்க வேண்டும்' என்று சொல்பவரிடம் காரணம் கேட்பதில் தவறில்லை.

கியர்பொக்ஸின் அடியில் ஒயில் தேங்கும் அடித்தட்டைக் கழற்றும்போது தாங்களும் அருகில் நில்லுங்கள். அதிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழமையானது. உலோகச் சீவல்களோ கறுத்த கிளச் தட்டுத் துகள்களோ கிடந்தால் ஒயில் மாற்றுவதால் பயனில்லை. ஒயில் மாற்றுவதாயின் கையேட்டில் குறித்த வகையையே ஊற்றுங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஒயில் அல்ல. அடித்தட்டை வடிப்பதால் ஒரு பகுதி மட்டுமே வெளியேறும், மிச்சம் டோர்க் கன்வேட்டரில் தங்கிவிடும் என்பதால், சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் வடித்து நிரப்பலாம். கருகிய கியர்பொக்ஸை இயந்திரத்தால் அமுக்கம் கொடுத்துக் கழுவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதுப்பிக்கவே நேர்ந்தால், கூலரையும் குழாய்களையும் சுத்தம் செய்யாமல் விடாதீர்கள். பழைய துகள்கள் புதிய தட்டுகளை அரித்துவிடும்.

அதுவரை, வழுக்கத் தொடங்கியதும் அக்சிலேற்றரை மேலும் அழுத்தாமல், ஓரமாக நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஆறவிடுங்கள். படகு இழுப்பதற்கு நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்ந்த கியரைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எனது கெப் வாகனம் சாதாரண கியர் உடையது. நெல் மூட்டை ஏற்றினால் கிளச் வழுக்குகிறது. தட்டை மாற்றினால் போதுமா?
(மூதூர் வாசகர்)

பதில்: பெடலின் தளர்வு, அதாவது அழுத்தத் தொடங்கும்போது அது வெறுமனே நகரும் தூரம், கையேட்டில் சொன்னபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தளர்வு போதாமல், பெடலின் அழுத்தத்தைக் கிளச்சுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பும் துளை அடைபட்டால், பெடலை விட்ட பின்னும் கிளச் அரைகுறையாகவே பிடிக்கும். தளர்வு சரியென்றால் தட்டை மாற்றலாம். ஆனால் கழற்றிய தட்டில் ஒயில் ஈரம் இருந்தால், எஞ்சினின் பின் சீலையும் கியர்பொக்ஸின் முன் சீலையும் பார்த்துக் கசிவை நிறுத்திய பின்னரே புதிய தட்டைப் பூட்டச் சொல்லுங்கள்.