வெள்ளைக்கல் வேறு, சுண்ணாம்புக்கல் வேறு

கேள்வி: சேலம் கருப்பூர் பக்கம் இரண்டு ஏக்கரில் நிலக்கடலை போட்டிருக்கிறேன். போன போகம் செடி செழிப்பாக இருந்தும் பாதிக் காய் பொக்கு. இப்போது விதைத்து 25 நாள்; இளந்தழை வெளுக்கிறது. காட்டில் சுண்ணாம்புக்கல் நிறையக் கிடப்பதால் மெக்னீசியம்தான் குறை என்று சொல்லி, உரக்கடையில் மெக்னீசியம் சல்பேட்டும் டாலமைட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஏக்கருக்கு எவ்வளவு போடலாம்?

பதில்: ஒரு கிலோகூட வேண்டாம். மூட்டை வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் அந்தக் கல்லைப் பாருங்கள். உடைத்த முகத்தில் நீர்த்த ஆசிட் இரண்டு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக்கல் என்றால் சுர்ரென்று நுரைக்கும். உங்கள் ஊர்க் கல் பெரும்பாலும் சும்மா கிடக்கும். அது வெள்ளைக்கல், மேக்னசைட் என்ற மெக்னீசியக் கனிமம். அந்தக் குன்றுகளுக்கு 'சாக் ஹில்ஸ்' (சுண்ணாம்புக் குன்றுகள்) என்று பெயர் வைத்த வெள்ளைக்காரரும் நிறத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தார்.

உங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது பூமியின் கவச அடுக்கில் பிறந்த டியூனைட் என்ற பாறை. கண்டங்கள் மோதி மலை எழும்போது இந்த மாதிரிப் பாறை மேலே தள்ளப்படும். விரிசலில் சூடான நீர் இறங்கினால், பாறையிலுள்ள ஆலிவின் என்ற கனிமம் நீரைக் குடித்து, வழுவழுப்பான பச்சைக் கல்லாக, செர்பென்டைனாக மாறும். கரியமில வாயு கலந்த நீர் வந்தால் மெக்னீசியம் பிரிந்து வெள்ளை நரம்பாக உறையும்; அதுதான் உங்கள் வெள்ளைக்கல். எப்படி மாறினாலும் மெக்னீசியம் மலையாகக் கிடக்கும். கால்சியம் ஆரம்பத்திலேயே ஒரு சதவீதம்கூட இல்லை. கிணற்றுத் தண்ணீரும் இதே பாறையில் ஊறி வருவதுதான். ஒவ்வொரு பாசனமும் ஒரு மெக்னீசியம் உரம். அதன் மேல் டாலமைட்டா? அதிலும் மெக்னீசியம் இருக்கிறது!

கால்சியம் போதாவிட்டால் காய் பொக்காகும். அதனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது கால்சியம் தரும் ஜிப்சத்தை. கடலைக்காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை வேர் வழியாக அல்ல, தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சும். அதனால் இலையில் அடிக்கும் 'திரவ கால்சியம்' பாட்டில்கள் கடைக்காரர் வீட்டுக்குத்தான் பலன். 40-45ஆம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியோரம் தூவி, மண் அணையுங்கள். விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காய் பிடிக்கும் காம்பு) இறங்கிய பிறகு மண்ணைக் கிளறாதீர்கள். ஜிப்சத்தில் லாபம் குறைவு, அதனால் கடைக்காரர் வாயில் அந்தப் பெயர் வராது. நான் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இளந்தழை வெளுப்பது பெரும்பாலும் இரும்புக் குறை. மெக்னீசியக் குறை என்றால் அடித்தழையில் தொடங்கும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 10 கிராம் கலந்து மாலையில் தெளியுங்கள்; பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

அப்புறம், மண்வள அட்டையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதன் 12 கட்டங்களில் கால்சியமும் இல்லை, மெக்னீசியமும் இல்லை. ஆய்வகத்தில் அந்த இரண்டையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள், கிணற்றுத் தண்ணீரையும் கொடுங்கள்.

நான்கு வரிசைக்கு மட்டும் ஜிப்சம் போடாமல் விட்டுவையுங்கள். அறுவடையில் இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் செடி பிடுங்கி, பொக்கை எண்ணி எழுதுங்கள்.