வீட்டிலேயே பாய்மரப் படகு கட்டத் தொடங்குபவர்களுக்கு: கேள்வி பதில்

வீட்டு வாசலில் இரண்டு சிறிய பாய்மரப் படகுகளைக் கட்டித் தண்ணீரில் இறக்கியவன் நான். வரைபடம் வாங்கி மரப்படகு கட்டுவது பற்றி நீங்கள் கேட்டவற்றில், மரத்தில் ரம்பம் வைப்பதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன்.

மதுரையில் இருந்து: சார், அலமாரி, மேஜை எல்லாம் செய்திருக்கிறேன். 18 அடிப் படகுக்கு வரைபடம் வாங்கிவிட்டேன். அதையே முதலில் கட்டலாமா?

வேண்டாம். அதைச் சுருட்டிப் பத்திரமாக வையுங்கள். முதல் படகு 8 அடியில் இருந்து 11 அடிக்குள் இருக்கட்டும். நீளம் கூடும்போது அகலமும் ஆழமும் சேர்ந்தே கூடும். மரமும் செலவும் வேலையும் பல மடங்காகிவிடும். பாதியில் நின்று தார்ப்பாய்க்கு அடியில் மக்கிப்போன படகைப் பார்த்தால் மனசு கேட்காது.

வீட்டில் கட்டுவதற்கென்றே பிறந்த படகுகளில் எனக்கு மிகவும் பிடித்தது மிரர். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து உருவாக்கியது. டெய்லி மிரர் நாளிதழ் ஆதரித்ததால் அந்தப் பெயர். நீளம் 3.3 மீட்டர், பாயும் மரமும் இல்லாமல் எடை சுமார் 45 கிலோ. பிளைவுட் துண்டுகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டின் மேல் கண்ணாடி இழை நாடாவைப் பிசினில் நனைத்து ஒட்டினால் படகு உருவாகிவிடும். 70,000க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். தைத்துக் கட்டுவது நமக்குப் புதிதும் இல்லை. சென்னைக் கரையில் அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலா படகு, ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்ததுதான். நீங்களும் தையல் முறை வரைபடமாகக் கேட்டு வாங்குங்கள்.

கோவையில் இருந்து: அண்ணா, கடையில் 'வாட்டர்புரூஃப் பிளைவுட்' என்று தருகிறார்கள். போதுமா?

போதாது. அது சமையலறை அலமாரிக்கு. உங்களுக்கு வேண்டியது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். முத்திரையை மட்டும் நம்பியும் வாங்காதீர்கள். என் முதல் படகில் அணியத்துப் (முன்முனைப்) பக்கம் பலகையை வளைத்தபோது 'டப்' என்று ஒடிந்தது. உள் அடுக்கில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி! அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் நாலு ஓரத்தையும் பார்க்கிறேன். மூலையில் ஒரு துண்டு வெட்டி, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துக் காயவைத்து, அதையே இரண்டு மூன்று தடவை செய்வேன். அதற்குப் பிறகும் உளியால் அடுக்குகள் சுலபமாகப் பிரிந்தால் அந்தப் பிளைவுட் வேண்டாம்.

எடையும் கவனம். 8க்கு 4 அடி, 6 மி.மீ. தாள் கர்ஜன் மரத்தில் 12 கிலோவை ஒட்டி வரும். வெளிநாட்டு வரைபடங்கள் பெரும்பாலும் ஒக்கூமே மரத்தை நினைத்துப் போடப்பட்டவை. அது 8, 9 கிலோதான். அதனால் கர்ஜனில் கட்டினால் படகு வரைபடத்தில் சொன்னதைவிடக் கனமாகும்.

நாகர்கோவிலில் இருந்து: வரைபடத்தில் வெறும் புள்ளிகளும் அளவுகளும்தான் இருக்கின்றன. அதை எப்படிப் பலகையில் கொண்டுவருவது?

நல்ல கேள்வி. படகின் அழகும் ஓட்டமும் இங்கேதான் தீர்மானமாகின்றன.

முதலில் அட்டையில் பத்தில் ஒரு பங்கு அளவில் வெட்டி, டேப் ஒட்டி ஒரு சிறு படகு செய்யுங்கள். எந்தத் துண்டு எங்கே சேரும் என்று கைக்குப் புரிந்துவிடும். அப்புறம் பிளைவுட்டின் ஒரு நேரான ஓரத்தை அடிக்கோடாக வைத்து, மூலைமட்டத்தால் குறுக்குக் கோடுகள் போட்டு, புள்ளிகளைக் குறியுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மெல்லிய ஆணி. முடிச்சில்லாத ஒரு நீண்ட ரீப்பரை (மெல்லிய மரச்சட்டத்தை) அந்த ஆணிகளை ஒட்டி வளையுங்கள்.

இப்போது பென்சிலை எடுக்காதீர்கள். தரையில் குனிந்து, ஒரு கண்ணை மூடி, ரீப்பரின் நுனியில் இருந்து பாருங்கள். எங்காவது மேடோ பள்ளமோ தெரிந்தால் அந்த ஆணியைப் பிடுங்கிவிடுங்கள். ரீப்பர் ஒரு மில்லிமீட்டர் தானாக நகர்ந்து நிம்மதியாக உட்காரும். அது காட்டுவதுதான் சரியான கோடு. ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தால் அளவைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். திரும்ப அளந்து பாருங்கள்.

இடது வலது பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சேர்த்தே வெட்டுங்கள். நீளம் போதாமல் தாள்களை ஒட்டவேண்டி வந்தால், கனத்தைப்போல் எட்டு மடங்கு சரிவாக இழைத்து ஒட்டுங்கள். 6 மி.மீ.க்கு 48 மி.மீ.

சென்னையில் இருந்து: எபாக்சி கலந்த டப்பா கையில் சுட்டுப் புகைந்துவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

எபாக்சி என்பது பிசினோடு ஹார்டனர் என்ற இறுகவைக்கும் திரவத்தைக் கலந்து செய்யும் பசை. அதை அதிகமாகக் கலந்து ஆழமான டப்பாவில் வைத்திருந்தீர்கள். இறுகும்போது அது வெப்பத்தை விடும். மொத்தமாக இருந்தால் அந்த வெப்பம் வெளியேறாமல் இன்னும் வேகமாக இறுகும். நம் ஊர் வெயிலுக்கு மெதுவாக இறுகும் ஹார்டனர் கேளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். விகிதத்தை எடைத் தராசில் அளந்துகொள்ளுங்கள். சீக்கிரம் இறுக ஹார்டனரைக் கூட்டவே கூடாது. மரத்துக்கு முதல் பூச்சு சாயங்காலம் நல்லது. காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழாக வெளியே வரும். இறுகிய பிறகு மேலே வழவழப்பாகப் படிந்திருந்தால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, அப்புறம் உப்புத்தாள் போடுங்கள்.

கையுறை கட்டாயம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு எபாக்சி பக்கமே போக முடியாது.

தூத்துக்குடியில் இருந்து: பாய்மரத்துக்கு எந்த மரம்?

ஸ்ப்ரூஸ் என்ற லேசான வெளிநாட்டு மரம் கிடைத்தால் அதுதான். முன்னாளில் நம் புன்னை மரத்தைக் கப்பல் பாய்மரத்துக்கே தேடி வாங்கினார்கள். நேராக, முடிச்சில்லாமல், காய்ந்து கிடைக்குமானால் யோசிக்காமல் வாங்கலாம். தேக்கு உறுதிதான், ஆனால் உச்சியில் அவ்வளவு கனம் ஆகாது.

திருச்சியில் இருந்து: இரண்டு பேர் கூடுதலாக உட்கார ஓர் அடி நீட்டிக்கொள்ளலாமா ஐயா?

வடிவமைத்தவரைக் கேட்காமல் கூடாது. காற்று பாயைத் தள்ளும் இடமும், படகின் அடியில் தண்ணீருக்குள் நீளும் நடுப்பலகையைத் தண்ணீர் தாங்கும் இடமும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து வைத்தவை. நீங்கள் நீட்டினால் படகு சுக்கானுக்கு அடங்காது. நாலு பேர் போகவேண்டுமானால் நாலு பேருக்கான வரைபடத்தை வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் வாசல் கேட்டின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள் தம்பி.

புதுச்சேரியில் இருந்து: கட்டி முடித்ததும் நேராகக் கடலில் இறக்கலாமா?

முதலில் இடுப்பளவு ஆழமுள்ள அமைதியான தண்ணீர். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பாயோடு வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். படகை மிதக்கவைக்கும் காற்றறைகளுக்குள் தண்ணீர் புகுந்ததா, தனி ஆளாக நிமிர்த்த முடிகிறதா, நிமிர்த்தியபின் ஏறி உட்கார்ந்து தண்ணீரை இறைக்க முடிகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியானால்தான் கடல். பாய் ஓட்டவே தெரியாது என்றால், படகு கட்டும் மாதங்களிலேயே கற்றுக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் இருக்கின்றன. அங்கே போய் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தாலே, உங்கள் வரைபடத்தில் புரியாத பாதிக் கயிறுகள் புரிந்துவிடும்.