மூன்று வருஷம் தாண்டினால் பி.ஆர். போய்விடுமா?

கேள்வி: 2005-இல் ஜோஹானஸ்பர்க் வந்து ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். வேலை விசாவில் ஐந்து வருஷம் முடித்ததன் பேரில் 2011-இல் நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) கிடைத்தது. 2017 ஜூலையில் கம்பெனியே என்னைச் சென்னைக் கிளைக்கு அனுப்பியது. 2020 ஏப்ரல் முதல் சம்பளம் மட்டும் சென்னையில் பதிவான கம்பெனியின் பெயரில் வந்தது. 2022 மார்ச் கடைசியில் வேலையை விட்டுவிட்டு, படுக்கையில் விழுந்துவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திருச்சிக்கு வந்தேன். போன தை மாதம் அம்மா தவறிவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தென்னாப்பிரிக்கா போகவில்லை. ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் அக்கா குடும்பம் இருக்கிறது. அங்கேயே திரும்பிவிட ஆசை. எட்டு வருஷம் ஆகிவிட்டதால் பி.ஆர். காலாவதி, 45,000 ராண்ட் கொடுத்தால் ரினியூ செய்து தருகிறேன் என்கிறார் அக்காவுக்குத் தெரிந்த ஏஜென்ட். பாதியை இந்த வாரமே கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. ஏற்கெனவே கொடுத்துவிட்டால், அசல் சான்றிதழையாவது அவர் கையில் தராதீர்கள்.

ரினியூ என்ற சொல்லிலேயே பொய் இருக்கிறது. உங்கள் பி.ஆர். சான்றிதழை எடுத்து ஒருமுறை முழுக்கப் படியுங்கள். காலாவதித் தேதி என்று எதுவும் அதில் இருக்காது. தேதியே இல்லாத ஒன்றை எப்படிப் புதுப்பிப்பது? வேலை விசா, படிப்பு விசா, வருகையாளர் விசா எல்லாவற்றுக்கும் முடியும் நாள் உண்டு. பி.ஆருக்குக் கிடையாது.

அப்படியானால் எல்லாரும் சொல்லும் அந்த மூன்று வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது? 2002-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், 28-ஆம் பிரிவு. மூன்று வருஷத்துக்கு மேல் நாட்டில் இல்லாதவரின் பி.ஆரை, ஹோம் அஃபேர்ஸ் எனும் உள்துறையின் தலைமை இயக்குநர் ரத்து செய்யலாம் என்கிறது. செய்ய‘லாம்’. ரத்தாகிவிடும் என்று சொல்லவில்லை. தானாக ஒழிய வேண்டிய இடத்தில் இதே சட்டம் அதைத் தெளிவாகச் சொல்லத்தான் செய்கிறது: திருமண உறவின் பேரில் வாங்கிய பி.ஆர்., இரண்டு வருஷத்துக்குள் அந்த உறவு முறிந்தால் செல்லாமல் போகும் என்று 26-ஆம் பிரிவில் இருக்கிறது. உங்களுடையது வேலையின் பேரில் வந்தது. ஆகவே, ஒருவர் உங்கள் ஃபைலை எடுத்து, ரத்து என்று முடிவு செய்து, காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்கும்வரை உங்கள் உரிமை உயிரோடுதான் இருக்கிறது. உங்களிடம் விளக்கம் கேட்காமல் அந்த முடிவை எடுக்கவும் கூடாது. அதற்கு 2000-ஆம் ஆண்டிலேயே நிர்வாக நீதிச் சட்டம் என்று ஒன்று வந்துவிட்டது. அப்படி ஏதாவது கடிதம் இதுவரை உங்களுக்கோ, கடைசியாகக் கொடுத்த முகவரிக்கோ வந்ததா? அக்காவை விசாரிக்கச் சொல்லுங்கள். முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

அடுத்தது எட்டு வருஷம் என்ற கணக்கு. இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான். அந்த ஏஜென்ட் பார்க்காமல் விட்டதும் இதைத்தான்.

வெளிநாட்டில் இருந்த எல்லா நாளும் அந்த மூன்று வருஷத்தில் சேராது. தென்னாப்பிரிக்காவில் வசிக்கும் அல்லது அங்கே நிறுவப்பட்ட ஒரு அமைப்பின் பணிக்காக வெளிநாட்டில் இருந்த காலத்தைக் கழித்துவிடச் சொல்கிறது அதே 28-ஆம் பிரிவு. ஜோஹானஸ்பர்க் கம்பெனி அனுப்பித்தான் நீங்கள் சென்னைக்குப் போனீர்கள். 2017 ஜூலை முதல் 2022 மார்ச் வரை முழுவதும் அந்தப் பணி என்று காட்ட முடிந்தால், நாலே முக்கால் வருஷம் அப்படியே கழிந்துபோகும். மிச்சம் 2022 ஏப்ரலிலிருந்து. 2025 ஆகஸ்ட் முடிய மூன்று வருஷம் ஐந்து மாதம். எட்டு வருஷம் காணாமல் போனவர், ஐந்து மாதம் தாமதமானவர் ஆகிவிடுகிறார். படுத்த படுக்கையாய் இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்ட மகளுக்கு ஐந்து மாதத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்க முடியும். எட்டு வருஷத்துக்கு அப்படிக் கேட்பது மிகக் கடினம்.

ஆனால் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி என்னை உறுத்துகிறது. 2020 ஏப்ரலில் சம்பளம் சென்னைக் கம்பெனிக்கு மாறியது என்கிறீர்கள். கிளை என்பது வேறு, இந்தியாவில் தனியாகப் பதிவான துணைக் கம்பெனி என்பது வேறு. துணைக் கம்பெனி சட்டத்தின் கண்ணில் ஓர் இந்திய நிறுவனம். அன்றிலிருந்து நீங்கள் யாருடைய ஊழியர்? சம்பளம் போட்ட கை மட்டும் மாறி, உங்களை நியமித்ததும் திரும்ப அழைக்கும் அதிகாரம் வைத்திருந்ததும் ஜோஹானஸ்பர்க் கம்பெனியாகவே இருந்தால், அந்தக் காலத்தையும் கழிக்க வேண்டும் என்று வாதாட இடம் இருக்கிறது. அங்கே ராஜினாமா செய்துவிட்டு இங்கே புதிதாகச் சேர்ந்ததாகத் தாளில் இருந்தால், கணக்கு 2020 ஏப்ரலிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிடும்.

அதனால் ஏஜென்டைத் தேடுவதை விட்டுவிட்டுப் பழைய தாள்களைத் தேடுங்கள். சென்னைக்கு அனுப்பியபோது கொடுத்த கடிதம், 2020-இல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், இரண்டு பக்கத்துச் சம்பள ஸ்லிப்புகள், தென்னாப்பிரிக்கக் கம்பெனி வருஷாவருஷம் கொடுத்த ஐ.ஆர்.பி.5 வரிச் சான்று, கடைசியில் கொடுத்த ராஜினாமாக் கடிதமும் அது யார் பெயருக்கு எழுதப்பட்டது என்பதும். பழைய மேலாளர் இன்னும் அங்கே இருந்தால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எங்கள் பணிக்காக இந்தியாவில் இருந்தார் என்று கம்பெனித் தாளில் ஒரு கடிதம் கேளுங்கள். அந்த ஒரு கடிதம் 45,000 ராண்டைவிடப் பெறுமதியானது. கூடவே அம்மாவின் மருத்துவக் குறிப்புகள், இறப்புச் சான்றிதழ்.

மூன்று வருஷம் முடிவதற்கு முன்பே மனுப் போட்டு, தக்க காரணம் காட்டி, கூடுதல் காலம் கேட்டிருக்கலாம். அந்த வழி முன்கூட்டிக் கேட்பவர்களுக்கு மட்டுமே. உங்களுக்கு அது கடந்துவிட்டது. இதைப் படிப்பவர்களில் இரண்டரை வருஷமாக ஊரில் இருப்பவர்கள் இன்றைக்கே எழுதுங்கள். இல்லையென்றால் ஒருமுறை போய், குடிவரவுக் கவுன்ட்டரில் சீல் வாங்கி, கொஞ்ச நாள் தங்கிவிட்டு வாருங்கள். விமானம் மாறும்போது ஜோஹானஸ்பர்க் விமான நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது கணக்கில் வராது. உள்ளே அனுமதி பெற்றுத் தங்கியிருக்க வேண்டும்.

இனி ஏஜென்டுகள். டர்பனில் இருபது வருஷமாக இந்த ஃபைல்களைப் பார்க்கிறேன். என் மேசைக்கு வரும் அழுகையில் பாதி இவர்களால் வருவது. முன்பு குடிவரவு ஆலோசகர் என்று தொழில் செய்யப் பதிவு வேண்டியிருந்தது. 2014 மே 26 முதல் அந்தப் பதிவு முறையையே எடுத்துவிட்டார்கள். இன்று யார் வேண்டுமானாலும் ஒரு போனும் ஒரு விசிட்டிங் கார்டும் வைத்துக்கொண்டு ஆலோசகர் ஆகலாம். அரசு பாதுகாப்பை எடுத்தது. அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏமாறுகிறவர்கள் யார்? கோயில் அன்னதானப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசியவரை நம்பிய நம் சனங்கள்தான். உங்கள் அக்காவும் அப்படித்தான் நம்பியிருப்பார். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

எனக்கு ஆள் இருக்கிறது, சிஸ்டத்தில் ஏற்றிவிடுவேன் என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது லஞ்சம் அல்லது போலித்தாள். இரண்டுக்கும் பலி நீங்கள்தான். போலி பி.ஆர். சான்றோடு பிடிபட்டவரைக் குடிவரவுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு தடை செய்யப்பட்டவர் என்கிறது. அதற்குப் பிறகு வருகையாளர் விசாகூடக் கிடைக்காது. அந்தப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கத் தக்க காரணம் காட்டித் தலைமை இயக்குநர்வரை போக வேண்டும். என்னிடம் வந்த ஒரு பெரியவரிடம் நல்ல, உண்மையான பி.ஆர். இருந்தது. அதைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று அசலை வாங்கிக்கொண்டு, கையில் ஒரு போலியைக் கொடுத்திருந்தார் ஒருவர். உரிமை உள்ள மனிதர், விமான நிலையத்தில் குற்றவாளியாக நின்றார்.

உதவிக்கு ஆள் தேவையென்றால் வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் பெயரைச் சொல்லிக் கேட்டால் உண்மையான வழக்கறிஞரா என்று சொல்லிவிடுவார்கள். கட்சிக்காரர் பணத்துக்குப் பாதுகாப்பான ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்று காட்டச் சொல்லுங்கள், நேர்மையானவர் கோபப்படமாட்டார். பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

இன்னொரு பொறி: முதலில் வருகையாளர் விசாவில் உள்ளே போய்விடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். வேண்டாம். நான் இங்கே வசிப்பவள் அல்ல, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம் அது. பி.ஆர். பற்றி அரசின் பதில் வரும்வரை அங்கேயே காத்திருந்து விசாக் கெடு முப்பது நாளுக்கு மேல் தாண்டிவிட்டால், ஐந்து வருஷம் உள்ளே வர முடியாது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2025 மே 6 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று பரப்புகிறார்கள். அந்தத் தீர்ப்பு, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியதால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையைத் தானாக இழந்தவர்களுக்கானது. டர்பனில் பிறந்து லண்டனில் குடியுரிமை வாங்கிய உறவுக்காரர் மகிழலாம். உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் குடியுரிமை பெற்றவர் இல்லை, வசிப்புரிமை பெற்றவர். பச்சை ஐ.டி. புத்தகத்தில் உங்கள் 13 இலக்க எண்ணைப் பாருங்கள்: பதினோராவது இலக்கம் 1 என்று இருக்கும். குடிமகனுக்கு அது 0.

சரி, செய்ய வேண்டியது என்ன? நீங்களே முந்திக்கொண்டு ஹோம் அஃபேர்ஸ் தலைமை இயக்குநருக்கு எழுதுங்கள். எப்போது, எதற்காக வெளியே போனேன், எந்தக் காலம் கம்பெனிப் பணி, எந்தக் காலம் அம்மாவின் நோய், இப்போது நிரந்தரமாகத் திரும்புகிறேன், என் பி.ஆரின் நிலையை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். இரண்டு பக்கம் போதும். மேலே சொன்ன தாள்களின் நகல்களை இணையுங்கள். தபாலில் மட்டும் அனுப்பிவிட்டு உட்காராதீர்கள்; அக்கா வீட்டிலிருந்து யாராவது பிரிட்டோரியாவில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய், நகலில் தேதியோடு சீல் வாங்கட்டும்.

பதில் எப்போது வரும்? நாம் எத்தனை நாள் வெளியே இருந்தோம் என்று எண்ணுகிற சட்டம், அவர்கள் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று இங்கே எண்ணவில்லை. வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் மனிதர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. ஒரு கவுன்ட்டரில் கேட்டால் இன்னொன்றைக் காட்டுகிறார்கள். இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் புகுகிறார். ஆனாலும் மாதம் ஒருமுறை அந்த நகலைக் காட்டி எழுத்தில் நினைவூட்டிக்கொண்டே இருங்கள். எதிர்காலத்தில் நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்தக் கடிதங்கள்தான் பேசும்.

பயணம் கிளம்பும் நாளில் அசல் சான்றிதழ், ஐ.டி. புத்தகம், பழைய பாஸ்போர்ட்டுகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். விசா எங்கே என்று சென்னையில் விமான நிறுவனத்தார் முதலில் கேட்பார்கள், சான்றிதழைக் காட்டுங்கள். ஜோஹானஸ்பர்க்கில் அதிகாரி கேட்டால் உண்மையான தேதிகளைச் சொல்லுங்கள். ஒருவேளை உள்ளே விட மறுத்தால், மறுப்பை அதற்குரிய படிவத்தில் எழுதித் தர வேண்டும். அமைச்சர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அங்கேயே, அப்போதே எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தாமதிக்காமல் அதைக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு லெனேசியாவில் வழக்கறிஞர் ஒருவர் போனை எடுக்கத் தயாராக இருப்பது நல்லது.

வீட்டிலிருக்கும்போது ரத்துக் கடிதம் வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை சேராது. வாங்கிய தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.